சூடானால் மட்டும் நழுவும் கியர்பாக்ஸ்

1990-களின் பிற்பாதியில் வந்த செவ்ரலே, ஜிஎம்சி பிக்கப் வண்டிகளை ஓட்டுகிறவர்களில் பலர் ஒரே புகாரைச் சொல்வார்கள். காலையில் வண்டியை எடுத்தால் ஒரு குறையும் இருக்காது. கியர் மாறுவதே தெரியாது. ஹைவேயில் ஏறி அரை மணியோ முக்கால் மணியோ ஓடிய பிறகு, ஆக்சிலரேட்டரில் வைத்த கால் அசையாமல் இருக்கும்போதே எஞ்சின் சுற்று கொஞ்சம் கூடும். பிறகு ஒரு நாள் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஊருக்குள் இறங்கி சிக்னலில் நின்று கிளம்பினால், ஒன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டியே குலுங்கும் அளவுக்குத் தடாலென்று விழும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு காபி குடித்து வந்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி மெத்தென்று ஓடும். அடுத்த நீண்ட பயணத்தில் பழைய கதை திரும்பிவிடும்.

இந்த வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஸ்கேனரில் வரும் எண் பெரும்பாலும் பி1870. அதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் "டிரான்ஸ்மிஷன் பாகம் நழுவுகிறது" என்பது மட்டுமே. எந்தப் பாகம் என்று அது சொல்லாது. அதனால் ஒருவர் ஆயிலை மாற்றுவார், இன்னொருவர் சொலினாய்டை, அதாவது எண்ணெய் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் பாகத்தை மாற்றுவார், மூன்றாமவர் கியர்பாக்ஸை முழுதாக இறக்கி ஓவர்ஹால் செய்வார். மூவருக்கும் அதே எண் மறுபடி வரலாம். பணம் செலவழித்து, வேலையும் நேர்மையாக நடந்து, அதன் பிறகும் ஏன் திரும்ப வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளே எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுகிறவை. அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போய், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பழைய சில்வராடோவையோ எஸ்-10-ஐயோ வாங்கும் நம்மவர்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உள்வேலை பழக்கமில்லாதது. அவர்களை மனதில் வைத்தே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வண்டிகளில் இருக்கும் கியர்பாக்ஸின் பெயர் 4எல்60-ஈ. 4 என்பது முன்னோக்கிய நான்கு கியர்கள். எல் என்றால் எஞ்சினும் பெட்டியும் வண்டியின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். 60 என்பது எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த தர எண். ஈ என்றால் கியர் மாற்றத்தை மின்னணு முறையில் கம்ப்யூட்டர் நடத்துகிறது. 1982-இல் 700ஆர்4 என்ற பெயரில் வந்த பெட்டியின் வழித்தோன்றல் இது. 1993-இல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு பிக்கப்புகளில் ஏறியது. முதல் கியர் விகிதம் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00, நான்காவது 0.70. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

கிளட்ச் பெடல் இல்லாத வண்டி சிக்னலில் கியரில் இருக்கும்போதே எஞ்சின் அணையாமல் எப்படி நிற்கிறது? எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர்தான் காரணம். கன்வெர்ட்டர் என்பது எண்ணெய் நிறைந்த, மூடிய ஒரு வட்டப் பாத்திரம். எஞ்சினோடு சுழலும் இதழ்கள் எண்ணெயை வீசுகின்றன. அந்த எண்ணெய் எதிரே இருக்கும் டர்பைன் இதழ்களில் மோதி, கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டைச் சுழற்றுகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றிவிடுவதால், கிளம்பும் நேரத்தில் எஞ்சினின் முறுக்கு விசை ஏறக்குறைய இரு மடங்காகக் கிடைக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பல்களை மனதில் வைத்துக் காப்புரிமை பெற்ற யோசனை இது.

இதில் ஒரு குறை உண்டு. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது எண்ணெய் மட்டுமே என்பதால் எஞ்சின் எப்போதும் கொஞ்சம் முந்திச் சுழலும். சீரான வேகத்தில் போகும்போதும் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் எல்லாம் சூடாகி எண்ணெயில் கரைகிறது. பெட்ரோலும் வீண். 1949-இலேயே பேக்கார்டு நிறுவனம் தன் அல்ட்ராமேட்டிக் கியர்பாக்ஸில் இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தது: வேகம் வந்ததும் கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டு, எஞ்சினையும் உள்தண்டையும் நேரடியாகப் பூட்டிவிடும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் மற்றவர்கள் அதன் அருமையை உணர்ந்தார்கள். கிரைஸ்லர் 1978 மாடல்களில் கொண்டுவந்தது, ஜெனரல் மோட்டார்ஸும் பின்தொடர்ந்தது. இதைத்தான் லாக்-அப் என்கிறார்கள். அந்தத் தட்டுக்கு டிசிசி என்று பெயர், டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் என்பதன் சுருக்கம்.

நம் பிரச்சினை இந்தத் தட்டைச் சுற்றித்தான்.

தட்டு ஒட்டுவதற்கு அதன் பின்பக்கத்தில் எண்ணெய் அழுத்தம் வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் தட்டு முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே சுழலும். முதலில் வந்த 4எல்60-ஈ பெட்டிகளில் இது ஆன், ஆஃப் என்ற இரண்டே நிலைகளில் நடந்தது. பூட்டும்போது சின்ன உதறல் தெரியும். அந்த உதறலைப் போக்க 1995-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவதற்காக ஒரு துடிப்புச் சொலினாய்டைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் இதை விநாடிக்கு 32 முறை திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்து அழுத்தம் கூடும், குறையும். பூட்டுவது மெத்தென்று ஆனது. யோசனையில் தவறே இல்லை என்பது என் எண்ணம். இன்றைய பெட்டிகளிலும் இதே வழிதான் வேறு வடிவில் இருக்கிறது.

ஆனால் அந்தத் துடிப்பு வேறு ஒரு இடத்தில் போய் அடித்தது. கியர்பாக்ஸின் அடியில், எண்ணெய் தேங்கும் தட்டான ஆயில் பேனுக்கு மேலே, வால்வ் பாடி என்று ஒரு அலுமினிய வார்ப்பு இருக்கிறது. அதற்குள் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள், போர் என்று சொல்லப்படும் நேரான உருளைத் துளைகள். ஒவ்வொரு போருக்குள்ளும் விரல் அளவு வால்வு ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு எண்ணெய் என்று தீர்மானிக்கிறது. டிசிசி ரெகுலேட்டர் வால்வு என்பது அவற்றில் ஒன்று. லாக்-அப் தட்டை எவ்வளவு அழுத்தத்தோடு பிடிக்க வைப்பது என்பது அதன் பொறுப்பு. சொலினாய்டின் துடிப்பு ஒவ்வொன்றும் இந்த வால்வை வந்து தட்டுகிறது. ஹைவேயில் ஒரு மணி நேரம் போனால் 32 துடிப்பு வீதம் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கும் மேல். வால்வு அசைவது மிகச் சிறிய தூரம்தான், ஆனால் எப்போதும் அதே இடத்தில். பல ஆண்டுகளில் அந்த இடத்தில் அலுமினியப் போர் தேய்ந்து, வட்டம் நீள்வட்டமாகிறது.

சைக்கிள் பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோனால் என்ன ஆகும்? கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் காற்று டியூபுக்குப் போகாமல் வாஷரின் ஓரமாகவே தப்பிவிடும். ரெகுலேட்டர் வால்வுக்கும் அதே கதி. எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், தேய்ந்த ஓரத்தின் வழியாகக் கசிந்து பேனுக்குள் விழுந்துவிடுகிறது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. கராஜ் தரை காய்ந்தே இருக்கும். கசிவு முழுக்க உள்ளுக்குள்.

இப்போது சூட்டின் பங்கு புரியும். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். சின்ன இடுக்கில் அது சுலபமாக நுழையாது, அழுத்தம் தாங்கும், தட்டு பிடிக்கும். ஓட ஓட எண்ணெய் 80, 90 டிகிரி செல்சியஸைத் தொடும்போது தண்ணீராய் இளகிவிடுகிறது. அதே இடுக்கு வழியாக இப்போது தாராளமாக ஓடுகிறது. அழுத்தம் விழுகிறது, தட்டு நழுவுகிறது. நழுவினால் உராய்வு, உராய்வால் இன்னும் சூடு, சூட்டால் இன்னும் இளகல். ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும் சுழல் இது. டிரெய்லர் இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது குறை முந்திக்கொண்டு வருவதற்கும், குளிர்காலத்தில் பல வாரம் தலைகாட்டாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று பலர் நினைப்பது அந்த மாதங்களில்தான்.

அடுத்து அந்த "தடால்" சமாச்சாரம். பலர் இதைத்தான் நோய் என்று நினைத்து, இரண்டாம் கியர் சம்பந்தப்பட்ட பாகங்களை மாற்றச் சொல்வார்கள். உண்மையில் அது கம்ப்யூட்டர் எடுக்கும் தற்காப்பு நடவடிக்கை. எங்கோ நழுவுகிறது என்று உறுதியானதும், உள்ளே கியர்களைப் பிடிக்க வைக்கும் கிளட்சுகள் எரிந்துவிடக் கூடாது என்பதற்காக அது கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. லாக்-அப்பையும் நிறுத்திவிடுகிறது. எல்லாக் கிளட்சுகளும் முழு பலத்தோடு அறைந்து பிடிப்பதால், சாதாரணமாகத் தெரியாத ஒன்று-இரண்டு மாற்றம் இடியாக விழுகிறது. சாவியை அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் மறுபடி சாதாரண அழுத்தத்தில் தொடங்குகிறது, அதனால் மெத்தென்று ஓடுகிறது. சூடாகி மறுபடி நழுவும்வரை எல்லாம் சுகம். ஸ்கேனரில் எண்ணை அழிப்பதும் இதே மாதிரி ஒரு தற்காலிக அமைதிதான். எண்ணை அழித்துவிட்டு "பார்த்துட்டேன், சரியாயிடுச்சு" என்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் மெக்கானிக், ஆறின எஞ்சினோடு ஒரு சுற்று ஓட்டியிருப்பார், அவ்வளவே.

நழுவுகிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? இதைப் புரிந்துகொண்டால் பி1870-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் புரியும். அந்தக் காலத்து 4எல்60-ஈ பெட்டியில், கன்வெர்ட்டரிலிருந்து உள்ளே வரும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சார் கிடையாது. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, கியர்பாக்ஸின் கடைசியில் வெளியேறும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற இரண்டு எண்கள்தான் கைவசம். மீதி எல்லாம் கணக்கு.

ஒரு உதாரணம் போடலாம். வண்டி நான்காம் கியரில், மணிக்கு 55 மைல் வேகத்தில் போகிறது. பின் அச்சின் விகிதம் 3.73, டயர் அளவு 235/75 ஆர்15 என்று வைத்துக்கொண்டால் வெளித்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்று சுற்றும். நான்காம் கியர் விகிதம் 0.70. எனவே எல்லாம் இறுகப் பூட்டியிருந்தால் எஞ்சின் 2400 × 0.70 = 1680 சுற்றில் இருக்க வேண்டும். ஆனால் ஸ்கேனர் 2000 காட்டுகிறது. 320 சுற்று எங்கோ தொலைந்திருக்கிறது. லாக்-அப் தட்டு நழுவினாலும் இதே 320 வரும், கியர்பாக்ஸுக்குள் மூன்றாம், நான்காம் கியர்களைப் பிடிக்க வைக்கும் மூன்று-நான்கு கிளட்ச் நழுவினாலும் இதே 320 வரும். கம்ப்யூட்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த எண்ணின் விளக்கத்தில் பாகத்தின் பெயர் இல்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "பெட்டி போச்சு, முழு ஓவர்ஹால்தான்" என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்த முடிவுக்கு வரத் தேவையான தகவல் அவரிடம் இன்னும் இல்லை.

எண்களைப் பற்றி இன்னும் ஒன்று. பி0740, பி1860 போன்றவை மின்சாரக் குறையைச் சொல்பவை: லாக்-அப் சொலினாய்டின் சுருள், கம்பி, கனெக்டர் சம்பந்தப்பட்டவை. அவை வந்தால் சொலினாய்டையும் வயரிங்கையும் பார்ப்பது நியாயம். பி1870 தனியாக வந்தால் மின்சாரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். கட்டளை போகிறது, எண்ணெய்தான் கீழ்ப்படியவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எத்தனையோ நல்ல சொலினாய்டுகள் குப்பைக்குப் போகின்றன.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. முதலில் ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை பார்க்கில் வைத்து, எண்ணெய் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எஞ்சின் ஆயில் பார்க்கும் பழக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு அதிகமாகக் காட்டும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நல்ல எண்ணெய் சிவப்பாக இருக்கும், நாளானால் பழுப்பு ஓடும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே ஏதோ கிளட்ச் எரிந்திருக்கிறது. அப்போது கதை வால்வ் பாடியோடு முடியாது.

இரண்டாவது சோதனைக்குப் போக்குவரத்து இல்லாத நேரான சாலை வேண்டும். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு சீரான ஹைவே வேகத்தில், வலது காலை ஆக்சிலரேட்டரில் அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டால் போதும், வண்டி வேகம் குறையக் கூடாது. பிரேக் சுவிட்ச் அசைந்ததும் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விடுவிக்கும். பூட்டு நன்றாக இருந்திருந்தால் எஞ்சின் சுற்று சட்டென்று சில நூறு ஏறி, காலை எடுத்ததும் மறுபடி இறங்கும். ஊசி அசையவே இல்லையென்றால், விடுவிப்பதற்கு அங்கே பூட்டே இல்லை. காலையில் குளிர்ந்த வண்டியில் பூட்டும், மதியம் சூட்டில் பூட்டாது என்றால் சந்தேகம் தேய்ந்த போரின் பக்கம் நன்றாகச் சாய்கிறது.

மூன்றாவது, வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களைப் படித்துக் காட்டும் ஒரு மலிவான ஓபிடி கருவி. 1996-க்குப் பிந்தைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கின் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். டிசிசி நழுவல் எண்ணை நேரடியாகக் காட்டும் கருவி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் மேலே போட்ட கணக்கை எஞ்சின் சுற்றை வைத்து நீங்களே போடலாம். கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தையும் நழுவலையும் ஜோடியாகக் குறித்துக்கொண்டே போங்கள். வெப்பம் ஏற ஏற நழுவல் பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து, சில நூறில் போய் நின்றுவிட்டால் குறை கன்வெர்ட்டர் பூட்டில்தான். அதற்கு மேல் அது பெரிதாக ஏறாது, பூட்டு இல்லாத கன்வெர்ட்டருக்கு அந்தச் சில நூறு இயல்பானது. மாறாக, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து சுற்றினால், அல்லது மூன்றாம் கியரும் நான்காம் கியரும் பிடிக்கவே இல்லையென்றால், மூன்று-நான்கு கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இந்தப் பெட்டியில் அதுவும் அடிக்கடி போகிற பாகம்தான். அதற்கு ஓவர்ஹால் தவிர வழியில்லை.

ஆயில் மாற்றினால் சரியாகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். மாற்றுவது நல்லது, ஆனால் அதைப் பழுதுபார்த்தலாக எண்ண வேண்டாம். பேனைக் கழற்றினால் சுமார் 4.7 லிட்டர்தான் வெளியே வரும். மீதி, அதாவது பாதிக்கு மேல், கன்வெர்ட்டரிலும், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரிலும் தங்கிவிடும். அந்தக் காலத்து டெக்ஸ்ரான் 3-க்குப் பதிலாக 2005-இல் வந்த டெக்ஸ்ரான் 6-ஐ இந்தப் பெட்டிகளில் ஊற்றலாம். புது எண்ணெய் கொஞ்சநாள் நிம்மதி தரலாம். கெட்டிப்படுத்தும் பாட்டில் மருந்துகளும் அப்படியே, கசிவைச் சிறிது தள்ளிப்போடும். தேய்ந்த உலோகத்தை எந்தத் திரவமும் நிரப்பாது.

இனி உண்மையான வேலை. வால்வ் பாடியைக் கழற்ற கியர்பாக்ஸை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. அடியில் படுத்து, பேனின் 16 போல்ட்டுகளையும் ஃபில்டரையும் எடுத்தால் அது கண்ணுக்குத் தெரியும். பேனுக்குள் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய குழைவு படிந்திருந்தால் கவலை வேண்டாம், பழைய பெட்டியில் இயல்பு. உலோகச் செதில்களோ கிளட்ச் தட்டின் கறுப்பு லைனிங் துண்டுகளோ இருந்தால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். வால்வ் பாடியை இறக்கும்போது அதன் மேல் இருக்கும் சிறு உருண்டைகள் உதிர்ந்துவிடும். எது எந்தக் குழியில் இருந்தது என்று போட்டோ எடுத்து வைக்காதவர் பிறகு திண்டாடுவார். ஓர் உருண்டை இடம் மாறினால் பெட்டி வேறொரு புதுக் குறையைக் காட்டும். திரும்பப் பூட்டும்போது உருண்டைகள் விழாமல் இருக்க வாஸ்லின் தடவி ஒட்டவைப்பார்கள். வாஸ்லின் கியர்பாக்ஸின் எண்ணெயில் கரைந்துவிடும். கிரீஸ் கரையாது, வாய்க்காலை அடைக்கும், அதனால் கிரீஸ் கூடாது.

தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான் விஷயம். வால்வை அதன் இடத்தில் வைத்து, போருக்குப் போகும் வாய்க்காலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்ப்பது ஒரு முறை. ஓரத்தில் குமிழி குமிழியாக எண்ணெய் நுரைத்து வந்தால் போர் தேய்ந்திருக்கிறது. நல்ல ஒர்க் ஷாப்புகளில் வெற்றிடப் பம்பும் அளவியும் வைத்திருப்பார்கள். வால்வின் ஓரம் அடைப்பாக இருந்தால் முள் ஏறி நிற்கும், தேய்ந்திருந்தால் ஏறவே ஏறாது. இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதிலே தெரியாத முகம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

முழு ஓவர்ஹாலுக்குப் பிறகும் பி1870 திரும்புவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஓவர்ஹால் என்றால் கிளட்ச் தட்டுகள், சீல்கள், பேண்ட், புஷ்ஷிங்குகள் எல்லாம் புதிதாகும். வால்வ் பாடியைக் கழுவித் துடைத்து அப்படியே திரும்பப் பூட்டிவிடுவார்கள். தேய்ந்த போர் பளபளவென்று சுத்தமாக, தேய்ந்தபடியே பழைய இடத்துக்குப் போய்ச் சேரும். புதுப் பெட்டி, பழைய கசிவு.

சரிசெய்ய மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. வழிகாட்டிப் பட்டையைப் பொருத்தி, தேய்ந்த போரை, ரீமர் என்ற துளை அகலப்படுத்தும் கருவியால் சீராகப் பெரிதாக்கி, அதற்குத் தக்க பெரிய அளவு வால்வைப் போடுவது ஒன்று, அல்லது அதே போருக்குள் ஸ்லீவ் எனும் உலோகக் குழலைச் செருகுவது. ரீமரைக் கையால், எண்ணெய் விட்டு, அவசரமில்லாமல் சுற்ற வேண்டும். ட்ரில் மெஷினில் மாட்டிச் சுற்றினால் போர் கோணிவிடும். என் தேர்வு இதுதான். இரண்டாவது, போர் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டு, சோதிக்கப்பட்ட வால்வ் பாடியை வாங்கி மாற்றுவது. உங்கள் மாடல் ஆண்டுக்கும் வண்டிக்கும் பொருந்துகிறதா என்று நன்றாகப் பார்க்க வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு வாய்க்கால்களில் வித்தியாசம் உண்டு. மூன்றாவது, ரெகுலேட்டர் வால்வை அசையாமல் ஒரே நிலையில் நிறுத்திவிடும் கிட். துடிப்பு போய்விடும், பூட்டு ஆன், ஆஃப் என்ற பழைய முறைக்குத் திரும்பும். மலிவு, வேலையும் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஓர் உதை தெரியும். 1998-க்குப் பிறகு பல வண்டிகளில் பூட்டைத் திட்டமிட்டே சிறிதளவு நழுவவிடும் முறை வந்தது. அவற்றில் இந்தக் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லாக்-அப் பூட்டித் திறந்து பூட்டித் திறந்து ஆடுவதற்கு எல்லா வண்டிகளிலும் ஒரே காரணம் இருக்காது. அதே காலத்து டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்புகளில் இதைப் போன்ற ஆட்டம் அடிக்கடி வரும். அங்கே பல சமயம் குற்றவாளி ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின் இரைச்சல் அல்லது தேய்ந்த த்ராட்டில் சென்சார். அறிகுறி ஒன்று, மூலம் வேறு. செவ்ரலேயின் வைத்தியத்தை டாட்ஜுக்குச் செய்தால் பணம்தான் போகும்.

குறையைக் கண்டும் காணாமல் நெடுநாள் ஓட்டியிருந்தால், தட்டின் லைனிங்கே எரிந்து மெலிந்திருக்கலாம். போரைச் சரிசெய்தாலும் அப்போது பூட்டு பிடிக்காது. அதனால் வேலை முடிந்ததும் வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்து நிறுத்திவிடாதீர்கள். ஓபிடி கருவியோடு ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டி, எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு நழுவல் எண்ணைப் பாருங்கள். சூட்டிலும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் விஷயம் முடிந்தது. மறுபடி 300-இல் போய் நின்றால் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும், அதற்கு இந்த முறை பெட்டி இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறக்கும்போது ரேடியேட்டருக்குள் போகும் ஆயில் கூலரையும் குழாய்களையும் கழுவிவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய லைனிங்கின் தூள் அந்த மெல்லிய குழாய்களில்தான் தங்கியிருக்கும், முதல் ஓட்டத்திலேயே புது கன்வெர்ட்டருக்குள்ளும் புது வால்வுக்குள்ளும் இறங்கிவிடும். டிரெய்லர் இழுக்கும் வண்டியென்றால் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு கூலரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பேனும் குழாய்களும் கழன்றிருக்கும் அதே நாளில் போட்டால் கூலி மிச்சம்.